கதவுக்கு எடுக்கிற மரம் பாத்திக்கு ஆகாது

மேட்டுப்பாத்திக்கு அடியில் கட்டையைப் புதைப்பதே அது மக்குவதற்குத்தான். மக்கிய கட்டை பஞ்சுபோல மழைத்தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் வேருக்கு விடும். ஜெர்மன்காரர்கள் இதை ‘ஹூகல்கூல்ட்டூர்’ என்பார்கள். மேட்டுச் சாகுபடி என்று பொருள். நாமோ நிலைக்கதவுக்கு மரம் எடுப்பதுபோல, “உளுக்காததாப் பாத்துக் கொடுங்க” என்று கேட்கிறோம். வைரம் பாய்ந்த தேக்கைப் புதைத்தால் எத்தனை வருஷமானாலும் அப்படியேதான் கிடக்கும். விறகுக்கடையில் கழித்துப்போட்ட உளுத்த கட்டைதான் நமக்குச் சரி. முருங்கை, மாங்கிளை போன்றவையும் நல்லது. தைலமரம் வேண்டாம், அதிலிருந்து இறங்கும் சாறு மற்ற செடிகளின் முளைப்பைத் தடுக்கும். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல், பிளைவுட், ரயில்வே ஸ்லீப்பர் கட்டை பக்கமே போக வேண்டாம்.

இனி என் கூத்தைச் சொல்கிறேன். வேலியில் வெட்டிய பூவரசங்கட்டையைப் பச்சையாகவே புதைத்தேன். கத்தரி பூக்கும் முன்னால் பூவரசு துளிர்த்துவிட்டது! கிளையை வெட்டிப் போத்தாக நட்டாலே வேர் பிடிக்கிற மரம் என்று தெரிந்தும் செய்தேன், யாரைக் குறை சொல்ல? கிளுவை, முருங்கை, கல்யாண முருங்கை எல்லாமே இந்த ஜாதிதான். பட்டை உரிந்து, நன்றாகக் காய்ந்த பிறகே புதைக்க வேண்டும்.

நம் பக்கம் கேட்காமலே கிடைப்பது சீமைக்கருவேல். தாராளமாகப் போடலாம், ஆனால் அடித்தூரையும் நெற்றையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். தூர் துளிர்க்கும், விதை முளைக்கும். கட்டை கெட்டியானது என்பதால் கை பருமனுக்குள் இருக்கும் கிளைகளே போதும். முள் ஜாக்கிரதை.

அடுத்த தப்பு, கட்டையைப் போட்டு மண்ணை மூடிய கையோடு மிளகாய் நடுவது. மரத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளடிக்கும். மரத்தூள் போட்டால் இன்னும் மோசம். அதை ஈடுகட்ட, கட்டைகளுக்கு இடையில் ஆட்டுப்புழுக்கையும் கொழுஞ்சித் தழையும் திணித்து, முதல் போகத்துக்குத் தட்டாம்பயறு போடுங்கள்.

அப்புறம், குளிர்நாட்டுப் படத்தைப் பார்த்து இடுப்பளவு மேடு கட்டாதீர்கள். நம் வெயிலில், அதுவும் தேரி எனும் செம்மணல் மேட்டில், மேடு இரண்டே நாளில் காய்ந்துபோகும். முழங்கால் ஆழம் குழி வெட்டி, கட்டையை அதற்குள் இறக்கி, மேலே ஒரு சாண் மட்டும் உயர்த்தினால் போதும். புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் ஐப்பசி மழை கட்டையை ஊறவைத்துவிடும்.

கரையான் வரத்தான் செய்யும். பாத்தியை வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் போட்டுவிடாதீர்கள்.