தை மாதத் தண்ணீரை நம்பிப் போடும் தோட்டங்கள்: கடற்கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் இராமநாதபுரம் கடற்கரையில் மண்டபம் என்னும் ஊருக்கு அருகே ஒரு தங்கும் விடுதிக்குத் தோட்டம் அமைக்கும் இளைஞர் ஒருவர், தம் வரைபடத்தையும் தண்ணீர்ச் சோதனை அறிக்கையையும் கொண்டுவந்து காட்டினார். வரைபடத்தில் 4,000 சதுர அடிக்குப் புல்வெளி இருந்தது. அறிக்கை தண்ணீர் நன்று என்றது. மாதிரி எடுத்த தேதியைப் பார்த்தேன்; ஜனவரி மாதம். 12 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை அப்படியே என் முன் விரிந்து கிடந்தது. நாற்றுப் பையைக் கிழிக்காமல் நடுவது, உச்சி வெயிலில் நீர் விடுவது போன்றவற்றை முதல் கோடையே கற்றுத் தந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே உள்ளவை கற்றுக்கொள்வதற்குள் பெரும் இழப்பை உண்டாக்கிவிடுபவை.

மழை முடிந்த கையோடு தண்ணீரைச் சோதிப்பது

இராமநாதபுரம் கடற்கரை வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் நிலம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வது மணலில் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. மிதக்கிறது என்பது உவமை அன்று. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு ஏறத்தாழ 2.5 பங்கு அடர்த்தி கூடியது. ஆகையால் நன்னீர் அதன்மேல் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்துப் பொறியாளர் கைபனும், 1901இல் ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே சொன்ன கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். தோட்டம் போடுபவர் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கவேண்டும். மோட்டாரால் நீர்மட்டத்தை 1 அடி இறக்கினால், நாளடைவில் உவர்நீர் 40 அடி வரை மேலேறி வர இடமுண்டு. தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டிய ஊற்றில் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதற்கும், ஆழமாக இறங்கியவர்களுக்கு உப்புத் தண்ணீர் வருவதற்கும் காரணம் இதுவே.

12 ஆண்டுகளுக்கு முன் இது எனக்குத் தெரியாது. இராமேசுவரம் தீவில் ஒரு வீட்டுக்குத் தை மாதத்தில் தண்ணீரை அளந்தேன். லிட்டருக்கு 600 மில்லிகிராம் உப்பு. மகிழ்ந்துபோய்ப் புல் பதித்தேன். 4,000 சதுர அடிப் புல்வெளிக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் விட்டாலே ஏறத்தாழ 1,850 லிட்டர் வேண்டும். மணல் தரையில் அதற்கும் மேல் இழுக்கும். சித்திரையில் புல்லின் நுனி மஞ்சளாகி, பிறகு தீய்ந்தது. தெளிப்பான்களைச் சுற்றி உப்பளப் பாத்தியின் ஓரம்போல வெள்ளை பூத்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கவேண்டும். நானோ நோயென்று எண்ணி மருந்து தெளித்தேன். பிறகு ஆழ்துளையை இன்னும் 30 அடி இறக்கச் சொன்னேன். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசிய ஆனியில் மறுபடி அளந்தபோது 7,000 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது.

புல் செத்ததுகூட எனக்குப் பெரிதில்லை. வேலிக்கு அப்பால் குடிசையில் இருந்த ஓர் அம்மா குடத்தோடு வந்து, “எங்க ஊத்துத் தண்ணியும் கரிக்குது தம்பி. இனி எதுல சோறாக்குறது?” என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஊற்று மீண்டும் குடிக்கத் தகுந்ததாக இரண்டு மழைக்காலம் ஆயிற்று.

ஆகவே வைகாசியிலும் ஆனியிலும் அளந்து பாருங்கள். முதல் வாளியை எடுக்காமல், மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு வரும் நீரை எடுங்கள். லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டினால் புல்வெளியை வரைபடத்திலிருந்தே நீக்கிவிடுங்கள். வீட்டுக்காரர் எவ்வளவு கேட்டாலும் இணங்காதீர்கள். பூவரசு, புன்னை, வேம்பு, உகாய் ஆகியவை வேர் பிடிக்கும்வரை நீர் கேட்கும். அதன்பின் பெரும்பாலும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். ஆழ்துளைக்குப் பதிலாக ஆழமில்லாத கிணறுகள் இரண்டு மூன்றில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே இந்த மணலுக்கு ஏற்றது. எடுப்பதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்: 1,000 சதுர அடிக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் கிடைக்கும், அதைத் தரைக்குள் விடுங்கள்.

தரையில் இருப்பதைக் களையென்று வழிப்பது

வேலை தொடங்கும் நாளன்று ஜேசிபி வந்து அடம்புக்கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் ஒரு மணி நேரத்தில் வழித்துவிடுகிறது. மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவையே. அவை அழிந்த வருடமே கச்சான் காற்றில் மணல் வாசற்படி ஏறும். குடைவேலுக்கும் இதே கதி. விரித்த குடை போன்ற அம்மரத்தை வெட்டிவிட்டு, நிழலுக்கென்று வெளியூர் நாற்றுகளை வாங்கி வருகிறார்கள். பிரேசில் நாட்டு நிலவடிவமைப்பாளர் புர்லே மார்க்ஸ், தம் நாட்டுச் செடிகளின் அழகை 1928 வாக்கில் பெர்லின் தாவரவியல் தோட்டத்தின் கண்ணாடி வீட்டில்தான் உணர்ந்தார். நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஜேசிபியை அழைப்பதற்கு முதல்நாள் அந்த மனையை ஒருமுறை நடந்து பார்த்து, இருக்கும் மரங்களுக்குக் கயிறு கட்டி வையுங்கள்.

சவுக்கு ஒன்றையே நடுவது

காற்றைத் தடுக்கும், அது மட்டும் தோட்டமாகாது.

பங்குனியில் நடுவது

வேண்டாம். புரட்டாசிக் கடைசி வரை பொறுங்கள்.

மரத்தடி வரை கல் பதிப்பது

ஊருக்குள் தெருவோர மரம் நடுபவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். குறைந்தது 4 அடிக்கு 4 அடி மண் திறந்திருக்கட்டும்; தெருவில் ஓடும் மழைநீர் அந்தக் குழிக்குள் வடியுமாறு கல்லின் வாட்டம் இருக்கட்டும். கொத்தனார் பழக்கத்தில் சாக்கடைப் பக்கமே வாட்டம் கொடுப்பார். கல் பதிக்கும் அன்று அருகில் நின்று, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.