சென்னை – லண்டன்: பயண நேரத்தை நீங்களே கணக்குப் போடலாம்

மகள் லண்டனின் ஈஸ்ட் ஹாம் பகுதியில் குடியேறியதிலிருந்து, தெருவில் யார் லண்டன் கிளம்பினாலும் டிக்கெட்டை என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். "மொத்தம் எத்தனை மணி நேரம் மாமி?" ஒரு பேப்பரும் பேனாவும் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் தூரம். நேர்வழியில் சுமார் 8,230 கிலோமீட்டர். ஓரிடத்தில் 5,110 என்றும் இன்னோரிடத்தில் 4,440 என்றும் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். முன்னது மைல், பின்னது கடல் மைல். நேர்வழி என்பது சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுக்கும் கோடு அல்ல. வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், காக்கசஸ் மலை, உக்ரைன் என்று போகும். காஸ்பியன் கரையில் இருக்கும் பாகு நகரத்துக்குச் சற்றுத் தெற்கே, கடல் மேல்தான் பாதி வழி. ஆனால் 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளியில் பயணிகள் விமானம் பறப்பதில்லை. தெற்கே ஒதுங்கித்தான் போக வேண்டும்.

அடுத்து நேரம். விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும் என்று வைத்து, தூரத்தை 900-ஆல் வகுத்தால் 9 மணி சொச்சம் வரும். ஏறுவது, இறங்குவது, சுற்றுவழி, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தின் மேல் இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது, எல்லாவற்றுக்குமாக ஒன்றரை, இரண்டு மணி சேர்த்துக்கொள்ளுங்கள். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. அதனால் திரும்பி வருவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.

டிக்கெட்டைப் பார்க்கும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். உதாரணத்துக்கு, ஜூலையில் சென்னையில் காலை 5.30க்குக் கிளம்பி லண்டனில் 11.45க்கு இறங்குகிறது என்றால் ஆறே கால் மணி நேரப் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது லண்டன் கடிகாரம் நம்மைவிட நாலரை மணி பின்னே இருக்கும், அதைக் கூட்டுங்கள்: 10 மணி 45 நிமிடம். அதே நேரங்கள் டிசம்பர் டிக்கெட்டில் இருந்தால் ஐந்தரை கூட்ட வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே இழுப்பார்கள். நம் ஊரில் அந்த வேலையே இல்லை. திரும்பி வரும் டிக்கெட்டில் அதையே கழிக்க வேண்டும். கூடவே தேதி மாறுகிறதா என்று பாருங்கள். விமான நிலையத்துக்கு வண்டி அனுப்புகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்து நிற்பது இதனால்தான்.

நடுவில் விமானம் மாறிப் போகிறவர்கள் தூரத்தைப் பார்க்காதீர்கள். துபாய் வழியே போனால் சுமார் இருநூறு கிலோமீட்டர்தான் அதிகமாகும். அங்கே எத்தனை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இரண்டு மணிக்குக் குறைவு என்றால் முழங்கால் வலிக்காரர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

அப்புறம், வீட்டுக் கதவிலிருந்து கதவு வரை. மீனம்பாக்கத்தில் 3 மணி முன்னதாக இருக்க வேண்டும். ஹீத்ரோவில் குடிநுழைவு வரிசை, பெட்டி இரண்டுக்குமாக ஒன்றரை மணி வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு பிக்கடில்லி லைன் சுரங்க ரயிலில் ஏறி ஹாமர்ஸ்மித் நிலையத்தில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலுக்கு மாறினால் இன்னொரு ஒன்றரை மணி. அதே பிளாட்பாரத்தின் எதிர்ப் பக்கம்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏற வேண்டாம்.