எல்லையோரத் தமிழ் எம்.ஏ. பட்டதாரி கல்லூரி ஆசிரியராக: எதை முதலில் முடிப்பது?

பாலக்காட்டுச் சித்தூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ இருந்துகொண்டு தமிழ் எம்.ஏ. முடித்தவருக்கு உள்ளூரில் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. சித்தூர் அரசுக் கல்லூரி, பாலக்காடு விக்டோரியா, மூணாறு, திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி காலேஜ், கேரளப் பல்கலைக்கழகம் என்று தமிழ்த்துறைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆந்திர எல்லையில் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. யாராவது ஓய்வு பெற்றால்தான் பெரும்பாலும் இடம் காலியாகும். அதனால் கேரளம், தமிழ்நாடு என்ற இரண்டு மாநிலத்துக்கும் சேர்த்தே தயாராக வேண்டும்.

முதலில் நெட், அதாவது கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு. எம்.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே எழுதலாம். பலர் முனைவர் பட்டத்தில் சேர்ந்துவிட்டு, 'நெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். 2023 ஜூலை 1 முதல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு நெட் அல்லது செட்தான் (மாநிலத் தகுதித் தேர்வு) அடிப்படைத் தகுதி. முனைவர் பட்டம் கட்டாயமில்லை. செட்டில் ஒரு குழப்பம் உண்டு. கேரள செட் ஹையர் செகண்டரி ஆசிரியர் வேலைக்கானது, கல்லூரிக்குச் செல்லாது. தமிழ்நாட்டு செட் கல்லூரிக்கானதுதான், ஆனால் தமிழ்நாட்டுக்குள் மட்டும். நெட் இரண்டு பக்கமும் செல்லும்.

தமிழ் மாணவர்கள் நெட்டில் சறுக்குவது பெரும்பாலும் முதல் தாளில். இரண்டாம் தாள் தமிழில் வரும். முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். அதில் 50 கேள்விகள், 100 மதிப்பெண். பத்து அலகுகள், அலகுக்கு ஐந்து கேள்வி. தினமும் ஓர் ஆங்கிலப் பத்தியைப் படித்து ஐந்து கேள்விக்கு விடை எழுதுங்கள். அட்டவணைக் கணக்குகளையும் போட்டுப் பாருங்கள். இந்த இரண்டு அலகிலும் பயிற்சிக்கு உடனே பலன் தெரியும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே இரண்டு தாளும் சேர்ந்த 150 கேள்வியில் ஒன்றையும் விடக்கூடாது. பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 35 சதவீதம் என்பது குறைந்தபட்ச வரம்பு மட்டுமே. எழுதியவர்களில் ஏறக்குறைய 6 சதவீதம் பேர்தான் தேர்ச்சி பெறுவார்கள் என்பதால் உண்மையான கட்ஆஃப் மேலே போகும்.

நெட்டில் முன்னணியில் வருவோருக்கான ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு ஆய்வு செய்யலாம். பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டு. ஆய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு ஆகும். கட்டாயமில்லை என்றாலும் முனைவர் பட்டத்தை விட்டுவிடாதீர்கள். 2018 யுஜிசி விதியில் கல்லூரிகளுக்கான புள்ளிப் பட்டியலில், நேர்காணலுக்கு ஆள் வடிகட்டும்போது, முனைவர் பட்டத்துக்கு 25 புள்ளி, ஜே.ஆர்.எஃபுக்கு 10, நெட்டுக்கு 8. கட்டுரைக்கு ஒன்றுக்கு 2 வீதம் 6 புள்ளிதான் உச்சம். காசு கேட்கும் இதழ்களில் பத்துக் கட்டுரை போடுவது பணத்துக்குக் கேடு. நல்ல இதழில் மூன்று போதும்.

கேரளத்தில் கெஸ்ட் லெக்சரர் (தற்காலிக விரிவுரையாளர்) வேலைக்குக் கல்லூரிக் கல்வித் துணை இயக்குநர் அலுவலகப் பட்டியலில் பதிந்திருக்க வேண்டும்; பாலக்காட்டுக்காரர்களுக்கு அது திருச்சூர். கல்வியாண்டு தொடங்குமுன் பதியுங்கள். மேலே சொன்ன யுஜிசி பட்டியலில் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 புள்ளி, அதிகபட்சம் 10. வேலை முடியும் அன்றே சான்று வாங்கிவிடுங்கள்: நியமன ஆணை எண், சேர்ந்த நாள், விடுபட்ட நாள், பாடம், வாரப் பாடவேளை, சம்பளம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். 'நன்றாகப் பணியாற்றினார்' என்ற ஒற்றை வரிச் சான்றால் ஒரு பயனும் இல்லை. முதல்வர் மாறிவிட்டால் பழைய பதிவேட்டைத் தேடி எடுப்பது பெரும்பாடு. மணிக்கணக்குச் சம்பள அனுபவம் பின்னாளில் பதவி உயர்வுக்குப் பெரும்பாலும் சேராது என்பதையும் தெரிந்துகொண்டே போங்கள். முழுச் சம்பளத்துக்கு இணையாக வாங்கிய பணியைத்தான் விதி ஏற்கிறது.

கேரள பிஎஸ்சி (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) வழியாக வரும் அரசுக் கல்லூரி வேலைக்கு வழக்கமான வயது வரம்பு 22 முதல் 40 வரை, பிரிவுக்கேற்ற தளர்வோடு. தகுதி, விண்ணப்பக் கடைசி நாளுக்குள் கையில் இருக்க வேண்டும். நெட் முடிவு ஒருநாள் தள்ளி வந்தாலும் அந்த வாய்ப்பு போனதுதான்.

எல்லையில் மிகுந்த தொல்லை பெயர்தான். கேரளப் பள்ளிச் சான்றில் 'கார்த்திகா ஆர்.' என்று இருக்கும், கோயம்புத்தூர்ப் பட்டத்தில் 'ஆர். கார்த்திகா', ஆதாரில் தந்தை பெயர் முழுதாக. கிராம அலுவலகத்தில் இரண்டு பெயரும் ஒருவரே என்ற சான்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பட்டம் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் என்றால், விளம்பரம் கேட்கும்போது காட்ட, அது கேரளப் பட்டத்துக்கு இணையானது என்ற இணைத்தகுதிச் சான்றும் வேண்டியிருக்கும். சாதிச் சான்றிலும் கவனம் வேண்டும்: நெட்டுக்கு ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) என்றால் மத்தியப் பட்டியலில் உங்கள் மாநிலத்துக்குக் கீழே அந்தச் சாதி இருக்கிறதா என்று பார்த்தபின் அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். இந்தப் பக்கம் பிற்படுத்தப்பட்டோர் என்பதால் அந்தப் பக்கமும் அப்படியே இருக்கும் என்று நம்பி விண்ணப்பித்தவர்கள் சான்று சரிபார்ப்பில்தான் வெளியேறுகிறார்கள்.