காக்ளியர் இம்ப்ளாண்ட் கேட்டலைக் கணினியில் உருவாக்கிப் பேச்சுணர்வை ஆராய்வது எப்படி?

காக்ளியர் இம்ப்ளாண்ட் என்பது ஒலியை மின்துடிப்புகளாக மாற்றிச் செவி நரம்பை நேரடியாகத் தூண்டும், அறுவையால் பொருத்தப்படும் கருவி. அதைப் பொருத்திக்கொண்டவரின் செவிச்சுருளுக்குள் (உட்செவியின் சுருள் வடிவப் பகுதி), கருவியின் தயாரிப்பைப் பொறுத்து, பொதுவாக 12 முதல் 22 மின்முனைகளே இருக்கின்றன. சுமார் 30,000 நரம்பிழைகள் சுமக்க வேண்டிய செய்தியை இவை சுமக்கின்றன. அடுத்தடுத்த முனைகளின் மின்னோட்டம் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், உண்மையில் பயன்படும் தடங்கள் பலருக்கு எட்டையொட்டியே நிற்கின்றன. இந்த இழப்பை இயல்பாகக் கேட்பவர்களிடம் செயற்கையாக உண்டாக்கி ஆராய உதவும் முறைதான் வோகோடர். பேச்சைச் சில அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஒலிமட்ட ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நுணுக்கங்களுக்குப் பதில் இரைச்சலை நிரப்புவதே இதன் வேலை. கருவி பொருத்தியவர்களிடையே காது கேளாதிருந்த காலம், நரம்பின் நிலை, அறுவை நடந்த வயது எனப் பலவும் ஆளுக்கு ஆள் மாறுபடும். வோகோடரிலோ மற்றவற்றை நிலையாக வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

ராபர்ட் ஷானன் குழுவினர் 1995இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வே இத்துறையின் திருப்புமுனை. நான்கே இரைச்சல் பட்டைகளாகச் சுருக்கப்பட்ட வாக்கியங்களை, அமைதியான சூழலில், பயிற்சி பெற்றவர்கள் ஏறக்குறைய முழுமையாகப் புரிந்துகொண்டனர்.

முதலில் பேச்சை எதிரொலி இல்லாத அறையில், 44,100 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில், ஒற்றைத் தடமாகப் பதிவுசெய்யுங்கள். பிராட் (பேச்சொலி ஆய்வு மென்பொருள்), பைதான், மேட்லேப் ஆகிய எதில் வேண்டுமானாலும் அடுத்த வேலைகளைச் செய்யலாம். 100 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான பரப்பைப் பட்டைகளாகப் பிரிக்கும்போது சம அகலத்தில் வெட்டாமல், செவிச்சுருளில் சம நீளம் வருமாறு, அதன் எந்த இடம் எந்த அதிர்வெண்ணுக்கு உரியது என்று சொல்லும் கிரீன்வுட் சூத்திரப்படி வெட்ட வேண்டும். நான்கு பட்டைகள் என்றால் எல்லைகள் ஏறத்தாழ 100, 444, 1,269, 3,249, 8,000 ஹெர்ட்ஸ் என அமையும். கீழ்ப்பட்டைகள் குறுகியும் மேற்பட்டைகள் அகன்றும் இருப்பது பிழையன்று. உட்செவியின் அமைப்பே அப்படித்தான்.

ஒவ்வொரு பட்டையையும் வடிகட்டியபின், அதன் எதிர்மறைப் பகுதியை நீக்கி, 160 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை மட்டும் விடும் வடிகட்டியில் செலுத்தினால், அந்தப் பட்டையின் ஒலிமட்டம் நேரத்தோடு ஏறி இறங்கும் வளைவு கிடைக்கும். இந்த 160 என்ற எண்ணைச் சிந்தித்துத் தேர்ந்தெடுங்கள். ஆண் குரலின் சுருதி பெரும்பாலும் இதற்குக் கீழேயே இருப்பதால் அதன் தடயம் வளைவில் தங்கிவிடும். சுருதியை அறவே விலக்க விரும்பினால் 50 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும். வளைவை வெள்ளை இரைச்சலோடு பெருக்கி, அதே பட்டை வடிகட்டியில் மறுபடி செலுத்தி, பட்டையின் ஆற்றலை மூலத்தின் ஆற்றலுக்குச் சமமாக்குங்கள். எல்லாப் பட்டைகளையும் கூட்டினால் கரகரத்த கிசுகிசுப்புப் போன்ற பேச்சு பிறக்கும்.

பின்னணிச் சத்தத்தின் விளைவை ஆராய்வதானால், சத்தத்தைப் பேச்சோடு கலந்த பிறகே வோகோடரில் செலுத்த வேண்டும். கருவியின் ஒலிவாங்கி இரண்டையும் சேர்த்தே வாங்குகிறது. வெளியீட்டின்மேல் சத்தத்தைப் பிறகு கலந்தால், உண்மையில் எவருக்கும் நேராத ஒரு சூழலையே அளந்தவர்களாவோம். மின்முனை வரிசை, கீழ் அதிர்வெண்களுக்கு உரிய செவிச்சுருளின் ஆழம்வரை எட்டாத நிலையைக் காண, பகுப்பாய்வுப் பட்டைகளை அப்படியே வைத்து, இரைச்சலை வடிகட்டும் பட்டைகளை மட்டும் மேல் அதிர்வெண்களுக்கு நகர்த்துங்கள். தொடக்கத்தில் புரிதல் வெகுவாகச் சரியும். பயிற்சியால் கணிசமாக மீளும்.

சோதனையில் நான் மிகவும் வலியுறுத்துவது வாக்கியத் தேர்வை. ஒருவர் ஒரு வாக்கியத்தின் பொருளை ஒருமுறை அறிந்துவிட்டால், அதன் சிதைந்த வடிவமும் அவருக்குத் தெளிவாகக் கேட்கத் தொடங்கிவிடும். ஆகவே எந்த வாக்கியமும் ஒருவரிடம் இருமுறை வரக்கூடாது. பயிற்சிக்கெனத் தனி வாக்கியங்களை வைத்து, அவற்றுக்கு மட்டும் தெளிவான வடிவத்தையும் கேட்கக் கொடுங்கள். 2, 4, 8, 16 பட்டைகளின் வரிசையைக் கேட்பவருக்குக் கேட்பவர் மாற்றி, சரியாகத் திருப்பிச் சொன்ன முக்கியச் சொற்களை எண்ணுங்கள்.

தமிழ்ச் சொற்களைக் கொண்டு சோதிப்பவர்கள் இரண்டு வகை இணைகளைச் சேர்ப்பது பயன் தரும். கல்–கால் போன்ற குறில் நெடில் வேறுபாடு நேர அளவைச் சார்ந்திருப்பதால் குறைந்த பட்டைகளிலும் தாக்குப்பிடிக்கும் என எதிர்பார்க்கலாம். வால்–வாள்–வாழ் என்பவற்றின் வேறுபாடோ மேல் அதிர்வெண்களின் நுண்ணிய அமைப்பை நம்பியிருப்பதால் அதற்கு முன்பே மங்கக்கூடும். வாக்கியத்தின் பொருள் உதவிக்கு வராத தனிச்சொல் சோதனையில்தான் இது வெளிப்படும்.

இந்த ஒலியை, கருவி பொருத்தியவர் கேட்கும் ஒலி என்று குடும்பத்தாரிடம் போட்டுக் காட்டாதீர்கள். ஒரு காதில் இயல்பான கேட்டலும் மறு காதில் கருவியும் உள்ளவர்களிடம் ஒப்பிடச் சொன்னபோது, இரைச்சல் வோகோடரின் ஒலி தாங்கள் கேட்பதைப் போல இல்லை என்றே பலரும் கூறினர். வோகோடர் காட்டுவது எந்தச் செய்தி குறைந்தால் எந்த அளவு புரிதல் குறைகிறது என்பதை மட்டுமே. அதனால் முடிவுகளை எழுதும்போது பட்டை எல்லைகள், வடிகட்டியின் சரிவு (எல்லைக்கு வெளியே ஒலியை எவ்வளவு விரைவாகக் குறைக்கிறது என்பது), வளைவின் வெட்டு அதிர்வெண் (மேலே சொன்ன 160 அல்லது 50 ஹெர்ட்ஸ் போன்றது), பயிற்சியின் அளவு ஆகியவற்றையும் தவறாமல் குறிப்பிடுங்கள். இவற்றில் ஒன்று மாறினாலும் மதிப்பெண் மாறும்.