உங்கள் வண்டி கிலோமீட்டருக்கு எவ்வளவு வரி கட்டுகிறது? வீட்டிலேயே கணக்குப் போடும் முறை

எங்கள் வீட்டில் பிக்கப் வண்டியை ஓட்டுவது அவர், கணக்கு நோட்டு என் கையில். நீலகிரியில் நெடுகுளா பக்கத்திலிருந்து கேரட், பீட்ரூட் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கோத்தகிரி, குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவார். திரும்பும்போது காலிச் சாக்குகள்தான். வெளிநாட்டில் வண்டி ஓடின தூரத்துக்கு வரி வாங்கி ரோடு பராமரிக்கிறார்கள் என்று மகன் சொன்னான். அப்படியானால் நாம் இப்போது கிலோமீட்டருக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போடலாம்.

முதல் வேலை, வண்டி எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று பார்ப்பது. மலையில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனியாக எழுத வேண்டும். இறங்கும் முன் ஃபுல் டேங்க் போடுங்கள். பைப் தானாக நின்றதும் அதோடு விட்டுவிடுங்கள், மேற்கொண்டு ஊற்றச் சொல்லாதீர்கள். வண்டி ஓடின கிலோமீட்டரைக் காட்டும் மீட்டர் அளவை எழுதிக்கொள்ளுங்கள். கீழே போனதும் மறுபடி நிரப்பி லிட்டரை எழுதுங்கள். மேலே வந்ததும் இன்னொரு தடவை. எங்கள் பக்கம் சில பங்க்குகளில் தரையே சாய்வாக இருக்கும். வண்டி சாய்ந்து நின்றால் டேங்க் நிரம்பாமலே பைப் நின்றுவிடும். அதனால் மேலே ஒரு பங்க், கீழே ஒரு பங்க் என்று வைத்துக்கொண்டு, எப்போதும் அதே பங்க், அதே இடம். ஒரு நடையை நம்பாதீர்கள், ஐந்து நடை எழுதிச் சராசரி எடுங்கள்.

என் நோட்டில் இருப்பது இது: பாரத்தோடு இறங்க 40 கிலோமீட்டருக்கு 2.2 லிட்டர். காலியாக ஏற அதே 40 கிலோமீட்டருக்கு 4 லிட்டர்.

அடுத்தது லிட்டருக்கு வரி. 2025 ஏப்ரலில் ஏற்றிய பிறகு வந்த விகிதத்தை வைத்துத்தான் நான் போட்டேன். டீசலுக்கு மத்திய அரசின் கலால் வரி அப்போது 17.80 ரூபாய். தமிழ்நாடு அரசு வாங்கும் வாட் என்ற விற்பனை வரி 11 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 9.62 ரூபாய். அந்தச் சதவீதத்தைப் பங்க் விலைக்குப் போடாதீர்கள், வாட் சேருவதற்கு முந்தைய விலைக்குத்தான் போட வேண்டும். இரண்டு வரியும் சேர்ந்து 35 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். பெட்ரோல் என்றால் கலால் 21.90, வாட் 13 சதவீதமும் 11.52 ரூபாயும். கூட்டினால் ஏறக்குறைய 43.

இனி பெருக்கி வகுப்பதுதான். இறங்கும்போது 77 ரூபாய் வரி, கிலோமீட்டருக்கு 1.93. ஏறும்போது 140 ரூபாய், கிலோமீட்டருக்கு 3.50. போக வர 217 ரூபாய், சராசரி 2.71. ஆக, தூரத்துக்கு வரி என்பது நமக்குப் புதிதே இல்லை. டீசலோடு கலந்து கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், அதிலும் ஏற்றத்துக்குக் கூடுதலாக.

இதில் ரோட்டுக்கு என்று பெயர் சொல்லி எடுப்பது எவ்வளவு? கலால் வரிக்குள் சாலை, உள்கட்டமைப்பு செஸ் என்று ஒரு பகுதி உண்டு. 2022 மே மாதம் குறைத்த பிறகு அது டீசலில் லிட்டருக்கு 2 ரூபாய், பெட்ரோலில் 5 ரூபாய். எங்கள் 6.2 லிட்டருக்கு 12.40 ரூபாய், கிலோமீட்டருக்கு வெறும் 15 பைசா சொச்சம். இந்தக் கணக்கை எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

சொந்தக் கார் வைத்திருப்பவர்கள், வாங்கும்போதே ஒரே தடவையாகக் கட்டும் ஆயுள் வரியையும் சேர்க்க வேண்டும். 2023 நவம்பரில் வந்த விகிதப்படி 8 லட்ச ரூபாய்க் காருக்கு 13 சதவீதம், அதாவது 1,04,000. அந்தக் கார் மொத்தம் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 69 பைசா. ஓய்வு பெற்ற ஒருவர் 30,000 மட்டுமே ஓட்டினால் 3.47. குறைவாக ஓட்டுகிறவர்தான் கிலோமீட்டருக்கு அதிகம் கட்டுகிறார். தூரத்துக்கு வரி கேட்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கும் இடம் இது. பேட்டரிக் கார் இன்னொன்று. அதுவும் இதே வளைவுகளில்தான் ஏறுகிறது, ஆனால் டீசல் வரி என்று ஒரு பைசா கட்டுவதில்லை.

நியூசிலாந்தில் டீசல் கார், பிக்கப் எல்லாம் 1,000 கிலோமீட்டருக்கு அந்த நாட்டு டாலரில் 76 முன்கூட்டியே கட்ட வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து பேட்டரிக் காருக்கும் அதே கட்டணம். நம் காசில் கிலோமீட்டருக்கு 4 ரூபாய்க்குக் கிட்ட. ஆனால் அங்கே டீசலில் இங்கே போலக் கலால் வரி இல்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 2015 முதல் விருப்பப்பட்டவர்கள் மைல் கணக்கில் கட்டுகிறார்கள். அவர்கள் பங்க்கில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒரே தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயத்திலும் சேராது.

தூரத்தை மட்டும் பார்ப்பதும் தப்பு. அச்சில் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. அது போக, எங்கள் மலையில் எதிர்ச்சரிவில் இருக்கும் ஹட்டி (படுகர் ஊர்) கண்ணுக்குத் தெரியும், சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கும். வண்டியில் போக வளைந்து வளைந்து பத்து கிலோமீட்டர். அந்த வளைவுக்கெல்லாம் மலைக்காரனிடம் சமவெளி விலையே வாங்கினால் தாங்காது.

கணக்கு முடிந்ததா? அதைக் கிராம சபைக்கு எடுத்துப் போங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் நடக்கிறதே. ஊராட்சி ரோடா, நெடுஞ்சாலைத் துறை ரோடா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள், மனு போகும் இடமே மாறும். பள்ளத்தை மட்டும் படம் எடுக்காதீர்கள். எங்கள் வளைவில் தார் பெயர்ந்ததற்குக் காரணம் மேலே அடைத்துக் கிடந்த வடிகால். சருகும் மண்ணும் நிரம்பி, மழைத்தண்ணீர் முழுக்க ரோட்டுக்கு மேல் ஓடியது. இரண்டு தடவை தார் போட்டும் நிற்கவில்லை. அதனால் தண்ணீர் வரும் வழியைப் படம் எடுங்கள். மனுவில் ஒரு வாக்கியம் சேருங்கள்: எங்கள் ஊர் வண்டிகள் இத்தனை, வாரம் இத்தனை நடை, இந்த ரோட்டில் ஓடி நாங்கள் கட்டும் எரிபொருள் வரி இவ்வளவு. நகலில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள்.