ஈய எழுத்தில் ஒரு பத்திச் செய்தி கோர்ப்பது எப்படி

வேலூரிலும் குடியாத்தத்திலும் மூடிய அச்சகங்களின் ஈய எழுத்துகள் காயலான் கடைக்கு எடைக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. 1886-இல் நியூயார்க்கில் எழுத்தை வரி வரியாக வார்க்கும் லைனோடைப் இயந்திரம் வந்துவிட்டபோதிலும், நம் பக்கத்துச் சிறு வார இதழ்களைக் கம்பாசிட்டர்கள் (அச்செழுத்துக் கோர்ப்பவர்கள்) கையால்தான் கோர்த்தார்கள். அப்படி ஒரு கேஸ், அதாவது எழுத்துகளை அறை அறையாக வைக்கும் தட்டு, உங்கள் கைக்கு வந்தால், அதை உருக்கக் கொடுக்காமல் கோர்த்துப் பாருங்கள்.

முதலில் எழுத்துகளைப் பாருங்கள். லை, ளை, ணை, னை ஆகியவை தும்பிக்கை வளைவோடும், ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவிலும் இருந்தால், அவை 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள். அவற்றைத் தனி அறையில் வையுங்கள். வெள்ளைப் பொடி பூத்த எழுத்தை ஊதவோ தேய்க்கவோ கூடாது. ஈயம் நஞ்சு என்பதால், கையுறையோடு எடுத்து ஒதுக்கிவிட்டுக் கையைக் கழுவுங்கள். காய்ந்த மையை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் அகற்றலாம்.

எழுத்துகளை வரியாக அடுக்கும் கைப்பிடித் தட்டான ஸ்டிக்கை இடக்கையில் பிடித்து, பத்தியின் அகலத்தை 12 பைக்காவுக்கு (பைக்கா என்பது அச்சு அளவு), அதாவது ஏறத்தாழ 2 அங்குலத்துக்கு, நிறுத்துங்கள். ஒவ்வோர் எழுத்தின் உடலிலும் உள்ள பள்ளம் மேல்நோக்கி இருக்க வேண்டும். எழுத்துகள் தலைகீழாக நின்றாலும் வரி இடமிருந்து வலமாகவே ஓடும். தமிழில் கண் பழக வேண்டிய இடம் கொம்புதான். ‘கோயில்’ என்ற சொல்லுக்கு இரட்டைக் கொம்பு, க, துணைக்கால், யி, ல் என 5 துண்டுகள் வேண்டும். இரட்டைக்குப் பதில் ஒற்றைக் கொம்பை வைத்துவிட்டால் ‘கொயில்’ ஆகிவிடும். ‘வேலூர்’ என்பதற்கோ 4 துண்டுகள் போதும், ஏனெனில் லூ ஒரே வார்ப்பு.

வரி முடிந்ததும் சொல்லிடை வைக்கும் ஸ்பேஸ் துண்டுகளை மாற்றி மாற்றி இட்டு, தாங்காமலே வரி நிற்கும் அளவுக்கு இறுக்குங்கள். பத்தி முடிந்தால் கேலி எனப்படும் நீளத் தட்டுக்கு நகர்த்தி, நூலால் நான்கு புறமும் சுற்றிக் கட்டிய பிறகே தூக்குங்கள். கட்டாமல் தூக்கியதால் என் கையில் 8 வரிகள் சரிந்தன. அவற்றைப் பொறுக்கிப் பிரிக்க ஒரு மாலைப் பொழுது முழுவதும் போயிற்று.

புரூப், அதாவது சோதனை அச்சு, எடுத்துத் திருத்துங்கள். மங்கலாக விழும் தேய்ந்த எழுத்தை மாற்றுங்கள். மாற்று இல்லையென்றால், அடியில் மெல்லிய காகிதத் துண்டு வைத்து உயர்த்தலாம்.

அச்சு முடிந்த அன்றே மையைத் துடைத்து, சொல் சொல்லாகப் படித்துக்கொண்டே எழுத்துகளைக் கலைத்து அறைகளில் போடுங்கள். துணைக்காலும் கொம்பும்தான் விரைவில் தீர்ந்துபோகும் என்பதால், அந்த அறைகளை முதலில் நிரப்புங்கள்.