சிறிய பிக்கப்பில் படகை இழுத்துச் செல்வது எப்படி

சிறிய பிக்கப்புக்குப் படகை இழுப்பது பெரிய காரியமில்லை. இழுத்ததை நிறுத்துவதும், பின்பக்கம் ஏறும் பாரத்தைத் தாங்குவதும்தான் அதற்குச் சிரமம். எனவே இன்ஜின் எத்தனை குதிரைசக்தி என்று பார்ப்பதற்கு முன்னால் பேப்பரும் பேனாவும் எடுத்து எடையைக் கூட்டிப் பாருங்கள்.

எடைக் கணக்கு

விற்பனைக் கையேட்டில் போட்டிருப்பது பெரும்பாலும் வெறும் படகின் எடை. மோட்டார், பெட்ரோல், பேட்டரி எதுவும் அதில் இருக்காது. ட்ரெய்லரின் எடையும் தனி. சுமார் 5 மீட்டர் நீளமுள்ள ஒரு ஃபைபர் படகை எடுத்துக்கொள்வோம். வெறும் படகு 480 கிலோ. 60 குதிரைசக்தி அவுட்போர்டு மோட்டார் 115 கிலோ. 60 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு முக்கால் கிலோ வீதம் 45 கிலோ. இரண்டு பேட்டரி 45 கிலோ. நங்கூரம், கயிறு, லைஃப் ஜாக்கெட், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்து 70 கிலோ. ட்ரெய்லர் 270 கிலோ. மொத்தம் 1025 கிலோ. கையேட்டைப் பார்த்து 480 என்று நம்பியவர் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இழுக்கப்போகிறார்.

இந்த எண்ணை வண்டியின் இழுவை வரம்போடு ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு ஒரு வரம்பு, பிரேக் உள்ளதற்கு வேறு வரம்பு. பல நாடுகளில் ட்ரெய்லர் 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். சட்டம் கேட்காத இடத்திலும், சிறிய பிக்கப்பின் பின்னால் ஒரு டன் வருகிறது என்றால் பிரேக் இல்லாமல் புறப்படுவது முட்டாள்தனம்.

ஆனால் சிறிய பிக்கப்பில் முதலில் முட்டுவது இழுவை வரம்பு அல்ல, வண்டியின் சுமை வரம்பு. ட்ரெய்லரின் முன்முனை (மூக்கு) வண்டியின் பின்னால் உள்ள இணைப்பான ஹிட்ச்சின் மேல் அழுத்தும் பாரம் வண்டியில் ஏற்றிய சாமான் கணக்கில்தான் சேரும். 500 கிலோ தாங்கும் வண்டியில் நாலு பேர் 300 கிலோ, மூக்குப் பாரம் 90 கிலோ, பின் தொட்டியில் கூடாரமும் தண்ணீர் கேனும் 100 கிலோ என்றால் 490 வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு ஜெனரேட்டரைத் தூக்கி வைத்தால் வரம்பு போய்விடும். வண்டியின் மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் பின் அச்சின் வரம்பு மட்டும் தாண்டுவது உண்டு. கதவுச் சட்டத்திலோ கையேட்டிலோ அந்த எண் தனியாக இருக்கும்.

கணக்கு போட்டாலும் ஒருமுறை எடை மேடைக்குப் போய் வாருங்கள். டேங்க் நிரப்பி, ஆட்களோடு வண்டியை மட்டும் முதலில் நிறுத்துங்கள். பிறகு ட்ரெய்லரை மாட்டி, வண்டிச் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மூக்குப் பாரம். கடைசியாக மொத்தத்தையும் மேடையில் ஏற்றினால் வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்த எடை தெரியும். கையேட்டில் அதற்கும் ஒரு வரம்பு உண்டு.

முன்பாரம், பின்பாரம்

ரோட்டில் நடக்கும் பெரும்பாலான விபரீதங்களுக்கு வேர் இங்கேதான். படகு ட்ரெய்லருக்கு மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும். மேலே சொன்ன 1025 கிலோவுக்கு அது ஏறக்குறைய 72 முதல் 103 கிலோ. உங்கள் ஹிட்ச்சின் வரம்பு அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த வரம்புதான் கணக்கு.

வீட்டில் ஆளை நிறுக்கும் எடைப்பொறி இருந்தால் இதைத் தரையிலேயே பார்த்துவிடலாம். பயணத்துக்குப் போவது போலவே எல்லாச் சாமானையும் ஏற்றுங்கள். ட்ரெய்லர் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். எடைப்பொறியின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி அதன் தலையில் கப்ளரை, அதாவது ஹிட்ச் குண்டைக் கவ்வும் மூக்கு முனையை, மெதுவாக இறக்குங்கள். இழுக்கும்போது கப்ளர் எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் இப்போதும் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் எண் கூடும், உயர்ந்திருந்தால் குறையும். பொறியின் உச்ச அளவைத் தாண்டினால் உடைந்துபோகும், கவனம்.

மூக்கில் விழும் இந்த முன்பாரம் குறைந்தால் ட்ரெய்லரின் கனம் அச்சுக்குப் பின்னால் போய்விடும். ஒரு லாரி கடந்து போகும் காற்றோ ரோட்டுப் பள்ளமோ அதைப் பக்கவாட்டில் தட்டினால், ஆட்டம் அடங்காமல் வளர்ந்துகொண்டே போகும். வேகம் கூடக் கூட அடங்குவது இன்னும் கடினம். அதிகமானாலோ வண்டியின் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும்; ஸ்டீயரிங் லேசாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். ட்ரெய்லர் மாட்டுவதற்கு முன்னும் பின்னும் முன் மட்கார்டின் உயரத்தை டேப் வைத்து அளந்தால் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

சரிசெய்ய முதலில் சாமானை இடம் மாற்றுங்கள். ஐஸ் பெட்டியை முன்னால் நகர்த்தினாலே பல கிலோ மாறும். போதவில்லை என்றால் படகை இழுத்துப் பிடிக்கும் வின்ச் நிற்கும் கம்பத்தை நகர்த்தலாம், ஆனால் ஒரு நிபந்தனை: மோட்டார் தொங்கும் பின் பலகை ட்ரெய்லரின் தாங்கு பலகைகள் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டாரின் கனத்தில் படகின் அடிப்பாகம் நாளடைவில் வளைந்துவிடும். அப்படி ஆகும் என்றால் படகைத் தொடாமல் ட்ரெய்லரின் அச்சைத்தான் நகர்த்த வேண்டும்.

மாட்டும்போது

ஹிட்ச் குண்டின் தலையிலும் கப்ளரின் மேலும் அளவு பொறித்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 அங்குலக் கப்ளரை 1⅞ அங்குலக் குண்டில் மாட்டினால் லாக் விழும், பார்க்கச் சரியாகவே இருக்கும், ஒரு வேகத்தடையில் எகிறிக் கழன்றுவிடும். 50 மி.மீ. குண்டும் 2 அங்குலக் குண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று சமாளிக்கவும் வேண்டாம்.

லாக் போட்டு, பூட்டுப் பின்னைச் செருகி, பிறகு மூக்கு எழும்பும்படி ஜாக்கியைச் சுற்றுங்கள். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் லாக் பிடித்திருக்கிறது. கப்ளர் மட்டும் தனியே எழும்பினால் மறுபடி மாட்டுங்கள். இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளருக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். கழன்றால் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியில் தங்கும். நீளம் வண்டி முழுதாகத் திரும்பப் போதுமாக இருக்கட்டும், தரையில் உரசக் கூடாது. மாட்டியபின் ட்ரெய்லர் சமமாகவோ மூக்கு ஒரு பொட்டு தாழ்ந்தோ நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் முன்பாரம் குறையும்.

லைட் எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றுவதற்கு முன் எர்த் ஒயரைப் பாருங்கள். துருப்பிடித்த எர்த்தான் பெரும்பாலும் காரணம். இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாக மின்னுவது அதன் அடையாளம்.

படகு ட்ரெய்லரில் அதிகம் வருவது தள்ளு பிரேக். வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் வந்து தள்ளும், அந்தத் தள்ளலே கப்ளருக்குள் இருக்கும் சிலிண்டரை அழுத்திச் சக்கரத்தைப் பிடிக்கும். கரன்ட் வேண்டாம் என்பதால் தண்ணீருக்குத் தோது. மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் இதே தள்ளல்தான், ஆகவே அங்கேயும் பிரேக் பிடித்துக்கொள்ளும். சிலவற்றில் ரிவர்ஸ் லைட் ஒயரை மாட்டினால் அது தானே விடும், சிலவற்றில் கையால் ஒரு பின்னைச் செருக வேண்டும். கையால் போட்ட பின்னை எடுக்க மறந்து ரோட்டில் ஏறினால் ட்ரெய்லருக்கு பிரேக்கே இருக்காது.

படகைக் கட்ட வின்ச் பெல்ட் மட்டும் போதாது. படகின் முன்முனையான அணியத்தின் வளையத்திலிருந்து ட்ரெய்லருக்குத் தனிச் சங்கிலி, பின்பக்கம் இரண்டு ராட்செட் பெல்ட். மோட்டாரைத் தூக்கி வைத்து, அதற்கும் ட்ரெய்லருக்கும் இடையே தாங்கு கம்பி கொடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு குலுக்கலும் பின் பலகையில்தான் இறங்கும். படகிலிருந்து தண்ணீர் வடியும் துளையை அடைக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றி விடுங்கள், மழை பெய்தால் படகுக்குள் தேங்கும் தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ.

ஹப்பும் டயரும்

நடு ரோட்டில் நிற்கும் படகு ட்ரெய்லர்களில் பாதிக்கு மேல் பேரிங் போனதாகத்தான் இருக்கும் என்று தோன்றும், அவ்வளவு சகஜம். காரணம் எளிது. ஓடிச் சூடான ஹப் (பேரிங் இருக்கும் சக்கர மையம்) தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவுத்தளத்துக்குப் போனதும் கால் மணி நேரம் ஆறவிட்டு இறக்குவது நல்லது.

பயணம் தொடங்கி 15, 20 கிலோமீட்டரில் நிறுத்தி ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியவில்லை என்றாலோ ஒரு பக்கம் மட்டும் கொதித்தாலோ பேரிங் அல்லது ஒட்டிக்கொண்ட பிரேக். டயரில் காற்று குளிர்ந்த நிலையில், பக்கச் சுவரில் அந்தப் பாரத்துக்குக் குறித்த அளவுக்கு இருக்க வேண்டும். மேல் வரிகள் தேயாமல் இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டிய டயரை நம்ப வேண்டாம். வெயிலில் நின்றே வெடிப்பு விட்டிருக்கும். ட்ரெய்லருக்குத் தனி ஸ்டெப்னி எடுங்கள், அதன் நட்டுக்கு உங்கள் வீல் ஸ்பேனர் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள்.

ரோட்டில்

மணிக்கு 80 கிலோமீட்டர் போதும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கமான இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆட்டோமேட்டிக் வண்டியானால் ஏற்றத்தில் ஓவர்டிரைவை (உச்ச கியரை) அணைத்து விடுங்கள், கியர் மாறி மாறி விழுந்தால் ஆயில் சூடாகும். திருப்பத்தில் ட்ரெய்லர் சக்கரம் உள்பக்கமாகக் குறுக்கே வெட்டும், அதற்கு இடம் விட்டு அகலமாகத் திரும்புங்கள்.

பின்னால் ஆட்டம் தொடங்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாதீர்கள், வண்டி பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். அடங்கியதும் ஓரம் கட்டி, கனமானதை முன்னால் நகர்த்தாமல் மறுபடி கிளம்பாதீர்கள்.

சரிவுத்தளத்தில்

ரிவர்ஸுக்கு ஒரு கையை ஸ்டீயரிங்கின் அடியில் வையுங்கள். ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். குட்டை ட்ரெய்லர் சட்டென்று மடங்கும், நீளமானது நிதானமாக வரும். மடங்கத் தொடங்கினால் மல்லுக்கட்டாமல் முன்னால் எடுத்து நேராக்குங்கள். வெறும் மைதானத்தில் பழகிவிட்டு வந்தால் பின்னால் காத்திருப்பவர்களின் முறைப்பு மிச்சம்.

இறங்கும் முன் டிரெயின் பிளக்கைப் போடுங்கள், லைட் ஒயரைக் கழற்றுங்கள், பின் பெல்ட்டுகளை எடுங்கள். வின்ச்சும் அணியச் சங்கிலியும் படகு தண்ணீரைத் தொடும்வரை மாட்டியே இருக்கட்டும். வண்டியின் பின் அச்சு முங்கும் அளவுக்குப் போக வேண்டியதில்லை, ஹப்புக்குச் சொன்ன கதைதான் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலுக்கும். ட்ரெய்லர் மட்கார்டின் உச்சி முங்கினாலே பெரும்பாலும் படகு மிதந்துவிடும். வண்டியை விட்டு இறங்கும்போது ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்குக் கட்டை மூன்றும் வேண்டும். பாசி படிந்த ஈரத்தளத்தில் ஹேண்ட் பிரேக் மட்டும் வண்டியைப் பிடித்து நிறுத்தாது.

மேலே ஏறுவதில்தான் சிறிய பிக்கப் திணறும். முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்குப் பாரமெல்லாம் பின்னால் என்பதால் ஈரத்தில் சக்கரம் சுற்றும். ஃபோர் வீல் இருந்தால் லோ ரேஞ்சில் போட்டு நிதானமாக ஏறுங்கள், காய்ந்த ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். கிளட்ச்சைப் பாதி மிதித்தபடி சரிவில் நிற்காதீர்கள், சில நிமிடத்தில் கருகல் வாசனை வரும்.

உப்புத் தண்ணீரில் இறக்கியிருந்தால் அன்றே பிரேக், ஸ்பிரிங், வண்டியின் அடிப்பாகம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ஹப்பில் ஸ்பிரிங் மூடி இருந்தால் மூடி லேசாக வெளியே வரும்வரை மட்டும் கிரீஸ் அடியுங்கள். அதற்கு மேல் அழுத்தினால் பின்பக்க சீல் பிதுங்கி, கிரீஸ் முழுவதும் பிரேக் ஷூவில் இறங்கும்.